பயண இரைச்சலும் அதை அடக்கும் ஹெட்போனும்

விமானமாயினும் பேருந்தாயினும் ரயிலாயினும், பயணியின் காதை மணிக்கணக்கில் ஓயாமல் தாக்குவது பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட சீரான இரைச்சலே ஆகும். அதிர்வெண் என்பது ஒரு நொடியில் காற்று எத்தனை முறை அழுந்தித் தளர்கிறது என்பதைக் காட்டும் எண். அதன் அலகு ஹெர்ட்ஸ். மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையான ஒலிகளை உணரக்கூடியது என்றாலும், எஞ்சினின் உறுமல், சக்கரங்களின் உருளல், குளிர்சாதனக் குழாயின் முனகல் ஆகியவற்றின் வலிமை பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழேயே குவிந்திருக்கிறது. இந்தத் தாழொலியைப் பஞ்சாலோ துணியாலோ தடுப்பது கடினம். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் வேகத்தில் செல்வதால், 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 3.4 மீட்டர் நீளம் உடையதாக இருக்கிறது. இரண்டு செண்டிமீட்டர் தடிப்புள்ள மெத்தை அத்தகைய அலைக்கு ஒரு பொருட்டே அல்ல. கனத்த சுவரால் அதை மறிக்கலாம். ஆனால் கனத்த சுவரைத் தலையில் அணிய இயலாது. இரைச்சலை நீக்கும் ஹெட்போன் என்ற கருவி தேவைப்பட்டதன் காரணம் இதுவே.

அக்கருவி ஒலியைத் தடுப்பதில்லை. ஒலிக்கு எதிராக இன்னோர் ஒலியை எழுப்புகிறது. காற்றழுத்தம் கூடும் கணத்தில் அதே அளவு குறையுமாறும், குறையும் கணத்தில் அதே அளவு கூடுமாறும் அமைந்த எதிர் அலை ஒன்று முதல் அலையோடு சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பள்ளி இயற்பியல் நூல்கள் இதை அழிவுக் குறுக்கீட்டு விளைவு என்று குறிப்பிடுகின்றன. ஜெர்மானியரான பால் லூக் என்பவர் இந்தக் கொள்கையை ஒலி அடக்கும் முறையாக வகுத்து 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஒலியை உணரவும், தலைகீழாக்கவும், உரிய கணத்தில் திருப்பி எழுப்பவும் போதுமான மின்னணுச் சாதனங்கள் அன்று இல்லாததால் அது ஏட்டளவிலேயே நின்றது.

'உரிய கணம்' என்பதில்தான் இக்கருவியின் வலிமையும் எல்லையும் அடங்கியிருக்கின்றன. ஆடும் ஊஞ்சலை எதிர்த்திசையில் தள்ளி நிறுத்த முயல்பவரின் கை தவறான கணத்தில் பட்டால் ஊஞ்சல் இன்னும் வேகமாக ஆடுவதைப் போலவே, எதிர் அலை அளவுக்கு மீறித் தாமதித்தால் இரைச்சல் குறைவதற்கு மாறாகக் கூடிவிடும். எதிர் அலை ஒரு நொடியின் ஆறாயிரத்தில் ஒரு பங்கு தாமதமாக வருகிறது என்று கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது ஓர் அலையின் அறுபதில் ஒரு பங்கு மட்டுமே. ஆகவே இரைச்சலின் வீச்சு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அதே தாமதம் அலையின் ஆறில் ஒரு பங்காகிவிடுவதால் பயன் எதுவும் விளைவதில்லை. 3,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அது அரை அலையாகிறது. அப்போது எதிர் அலை எதிர் அலையாகவே இராமல் மூல ஒலியோடு கைகோத்து அதை இரட்டிப்பாக்கும். இந்தக் கேட்டைத் தவிர்ப்பதற்காகவே வடிவமைப்பாளர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளில் மின்சுற்று தலையிடாதவாறு அதை மட்டுப்படுத்தி, அப்பகுதியைக் காதைச் சுற்றி அழுந்தும் மெத்தையின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். குட்டையான அலைகளைத் தடுப்பது மெத்தைக்கு எளிது. எனவே நல்ல ஹெட்போன் என்பது மின்சுற்றும் மெத்தையும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் கருவியாகும். இரண்டில் ஒன்று பழுதானாலும் பயன் பாதியாகிவிடும்.

ஒலிவாங்கி, அதாவது மைக், எங்கே வைக்கப்படுகிறது என்பதும் இதோடு தொடர்புடையது. காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் வைக்கப்படும் மைக், இரைச்சல் காதை அடைவதற்கு முன்னரே அதை அறிந்துவிடுகிறது. மூன்று செண்டிமீட்டர் தூரத்தை ஒலி கடக்க நொடியின் பதினோராயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆவதால், கணக்கிடுவதற்குக் கிடைக்கும் அவகாசமும் அவ்வளவுதான். உட்புறத்தில், காதுக்கு அருகில் வைக்கப்படும் மைக், உண்மையில் எஞ்சியிருக்கும் இரைச்சல் எவ்வளவு என்று பார்த்துப் பிழையைத் திருத்துகிறது. ஆனால் அதன் திருத்தத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் கருவி தானே ஊளையிடத் தொடங்கும். இன்று விலை உயர்ந்த கருவிகளில் பெரும்பாலும் இவ்விரு முறைகளும் இணைந்தே இருக்கின்றன. மிக மலிவானவற்றில் பெரும்பாலும் வெளிப்புற மைக் மட்டுமே இருப்பதால், காதோடு சரியாகப் பொருந்தாத நிலையைக் கருவி அறிந்து திருத்திக்கொள்ள வழியில்லை.

லூக்கின் ஏட்டளவுக் கொள்கைக்கு அடுத்த கட்டமாக, 1950-களில் லாரன்ஸ் ஃபோகல் என்பவர் ஹெலிகாப்டர், விமானம் ஆகியவற்றின் விமானி அறைகளுக்காக இத்தகைய அமைப்புகளை வகுத்துக் காப்புரிமைகள் பெற்றார். இத்துறையைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டுவந்த முயற்சியில் முதன்மையாக நினைக்கத்தக்கவர் அமர் போஸ். இந்திய விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டுப் பின்னர் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த வங்காளி ஒருவரின் மகனாக 1929-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த அவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராகப் பணிபுரிந்துகொண்டே 1964-இல் தம் பெயரில் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கினார். 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் தரப்பட்ட ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலை மீறி இசை கேட்க முடியாமையை உணர்ந்து, அப்பயணத்தின்போதே எதிர் ஒலி முறைக்கான கணக்குகளைப் போடத் தொடங்கினார். அக்கணக்கு கடைச் சரக்காக மாற ஆண்டுகள் பல ஆயின. 1986 டிசம்பரில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் இடையில் எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாள்களில் உலகைச் சுற்றிவந்த வாயேஜர் விமானத்தில், தங்கள் செவித்திறனைக் காக்க அந்நிறுவனத்தின் சோதனைக் கருவிகளை அணிந்திருந்தார்கள். அதே பத்தாண்டில் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனமும் லுஃப்தான்சா விமானிகளுக்காகத் தனியே ஒரு கருவியை உருவாக்கியது. விமானிகளுக்கான போஸ் ஹெட்செட் 1989-இலும், சாதாரணப் பயணிகளுக்கான ஹெட்போன் 2000-இலும் விற்பனைக்கு வந்தன. நுண்சில்லுகள் சிறுத்து விரைவடைந்த பிறகு, 2010-களின் இறுதியில் இதே வேலையைக் காதுக்குள் செருகும் கம்பியில்லா இயர்பட்ஸும் செய்யத் தொடங்கின.

கருவி பிறந்த இடம் விமானம் என்பதால் அது சிறப்பாகச் செயல்படும் இடமும் விமானமாகவே இருக்கிறது. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். 72 விமானத்தின் சுழல்விசிறி ஒவ்வொன்றிலும் ஆறு இதழ்கள் உள்ளன. பறக்கும் வேகத்தில் அவை நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆயிரம் முறை சுழல்வதால், ஒவ்வொரு நொடியும் நூறு இதழ்கள் உடலோட்டைக் கடக்கின்றன. பயணி கேட்கும் உறுமலின் அடிப்படை அதிர்வெண் அதுவே. ஒரே தாளத்தில், மாறாமல் வரும் இந்த 100 ஹெர்ட்ஸ் ஒலியைவிட இக்கருவிக்கு வசதியான எதிரி இல்லை. ஜெட் விமானத்தில் நிலைமை சற்று வேறு. உயரத்தில் சீராகப் பறக்கும்போது எஞ்சினோடு, உடலோட்டை உரசிச் செல்லும் காற்றும் பேரிரைச்சலை உண்டாக்குகிறது. அது தாழ்ந்த உறுமலிலிருந்து சீறல் வரை பல அதிர்வெண்களிலும் பரவியிருப்பதால், உறுமல் அடங்கிய பிறகும் சீறல் மிஞ்சும். அந்த மிச்சத்தைக் குறைப்பது மெத்தையின் இறுக்கமே.

நெடுந்தூரப் பேருந்தும் இக்கருவிக்கு ஏற்றதே. ஆறு சிலிண்டர் கொண்ட டீசல் எஞ்சின் நிமிடத்திற்கு 1,500 சுற்று ஓடும்போது நொடிக்கு 75 முறை எரிபொருள் வெடிக்கிறது; இரவு முழுதும் இருக்கை வழியே உணரப்படும் அதிர்வு அதுதான். காதுவழி வருவதைக் கருவி அடக்கும்; எலும்புவழி வருவதை எதுவும் அடக்காது. ஓட்டுநரின் ஏர் ஹாரன் கூர்மையானதும் எதிர்பாராததும் ஆகையால் அது கருவியை மீறியே ஒலிக்கும்.

ரயிலைப் பொறுத்தவரை பெட்டியின் வகுப்பே முடிவைத் தீர்மானிக்கிறது. கண்ணாடி மூடிய குளிர்சாதனப் பெட்டியில் காற்றுக்குழாயின் முனகலும் சக்கர உருளலும் சீராக இருப்பதால் கருவி நன்றாக உழைக்கிறது. சன்னல் திறந்த ஸ்லீப்பர் பெட்டியில் கதை மாறுகிறது: வீசும் காற்று வெளிப்புற மைக்கில் நேரடியாக மோதிச் சுழலும்போது, மைக் அதை இரைச்சல் என்று எண்ணி எதிர் ஒலி எழுப்ப, வெளியே இல்லாத ஒரு குமுறல் காதுக்குள் பிறக்கிறது. சில மாதிரிகளில் காற்று வீசும்போது வெளி மைக்கை ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு உண்டு என்றாலும், அப்போது அடக்கும் திறனும் குறைகிறது. தேநீர் விற்பவரின் குரல், அடுத்த படுக்கையின் கைப்பேசி, குழந்தையின் அழுகை ஆகியவற்றில் காதை உறுத்தும் பகுதி ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது. மனிதச் செவிக்குழாயோ 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைத் தானே பெருக்கிக்கொள்ளும் இயல்புடையது. உறங்குவது மட்டுமே நோக்கமாயின், மருந்துக்கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் நுரைக் காதடைப்பானைச் சுருட்டிச் செருகி விரியவிடுவது, ஸ்லீப்பர் பெட்டிப் பயணிக்குப் பல ஆயிரம் ரூபாய்க் கருவியைவிட மேலான தீர்வாகும். இதைச் சொல்வது விற்பனைக்கு உதவாது. ஆயினும் உண்மை அதுவே.

வடிவத்தைத் தேர்வதில் காதின் அமைப்புக்கே முதலிடம் தரவேண்டும். காது மடல் முழுவதையும் சூழும் கிண்ண வடிவ ஹெட்போன், மடல்மேல் அமரும் சிறிய வகை, செவிக்குழாயில் செருகும் இயர்பட்ஸ் என மூன்று வகைகள் உள்ளன. இவற்றுள் மடல்மேல் அமரும் வகை அழுத்தி வலியூட்டுவதோடு விளிம்பில் காற்றையும் கசியவிடுவதால் நெடும்பயணத்திற்குப் பொருந்தாது. கசிவு என்பது சிறிய குறையன்று; மெத்தைக்கும் தோலுக்கும் இடையில் ஒரு மெல்லிய இடுக்கு இருந்தாலும் தாழொலி அதன் வழியே தடையின்றி நுழைவதோடு, எதிர் அலையும் அதே இடுக்கின் வழியே வெளியேறி வலுவிழக்கும். மூக்குக்கண்ணாடியின் தடித்த காதுக்கம்பி, பெரிய தோடு, ஜிமிக்கி, காதைச் சுற்றிய துணி ஆகியவை இந்த இடுக்கை உண்டாக்குபவை. எனவே கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடும், ஜிமிக்கி அணிபவர் ஜிமிக்கியோடும் அணிந்து பார்த்தே கிண்ண வகையை வாங்கவேண்டும்; அவர்களுள் பலருக்கு இயர்பட்ஸே பொருத்தமாக அமையும். இயர்பட்ஸோடு பல அளவுகளில் தரப்படும் சிலிக்கான் முனைகளைப் பெரும்பாலானோர் மாற்றிப் பார்ப்பதே இல்லை. இடக்காதும் வலக்காதும் ஒரே அளவினவாக இருக்கவேண்டும் என்பதில்லை. இரு காதுகளுக்கும் இரு வேறு அளவு முனைகள் தேவைப்படுவதும் உண்டு. முனை சரியாகப் பொருந்தினால் கருவியை இயக்காத நிலையிலேயே சூழொலி சட்டெனத் தணியும், சொந்தக் குரல் தலைக்குள் முழங்குவது போலக் கேட்கும்.

அட்டைப்பெட்டியில் அச்சிடப்படும் எண்களை நம்பித் தேர்வது பெரும்பாலும் ஏமாற்றத்திலேயே முடிகிறது. 'ஐம்பது டெசிபெல் வரை' என்ற வாசகத்தில் 'வரை' என்பதே முக்கியமான சொல். டெசிபெல் என்பது ஒலியின் வலிமையை மடங்குகளில் அளக்கும் அலகு. 10 டெசிபெல் குறைவு என்றால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒன்றாகக் குறைகிறது, 20 என்றால் நூறில் ஒன்றாக. அச்சிடப்பட்ட எண் ஏதேனும் ஒரே ஓர் அதிர்வெண்ணில், ஆய்வகத்தில் செய்து வைத்த செயற்கைக் காதில் கிட்டிய உச்சமாக இருக்கலாம். 50 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரை எவ்வளவு சீராக அடக்குகிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. இதைவிடப் பெரிய குழப்பம் ஏ.என்.சி., ஈ.என்.சி. என்னும் இரு குறிகளால் விளைகிறது. ஏ.என்.சி. என்பதே இங்கு விளக்கப்பட்ட முறை. ஈ.என்.சி. என்பது தொலைபேசி உரையாடலின்போது பேசுபவரின் குரலைச் சூழொலியிலிருந்து பிரித்து மறுமுனையில் இருப்பவருக்குத் தெளிவாக அனுப்பும் முறை. அணிந்திருப்பவரின் காதுக்கு அது எந்த அமைதியையும் தராது. பெட்டியில் ஈ.என்.சி. என்று மட்டும் இருக்கும் மலிவான இயர்பட்ஸை இரைச்சல் நீக்கி என்று கருதி வாங்குவோர் ஏமாறுவதற்கு இந்த ஒற்றை எழுத்து வேறுபாடே காரணமாகிறது.

கடையில் சோதிக்கும்போது இசையை ஒலிக்கவிட்டு மயங்குவதைவிட, இசையின்றி அணிந்து, கடையின் ஏர் கண்டிஷனர் அல்லது மின்விசிறியின் அருகே நின்று, இரைச்சல் நீக்கத்தை ஒருமுறை இயக்கியும் ஒருமுறை அணைத்தும் வேறுபாட்டைக் கவனிப்பதே முறை. தாடையை அசைத்தும் தலையைத் திருப்பியும் பார்க்கும்போது அடக்கம் குலையாமல் இருக்கவேண்டும். அமைதியான மூலையில் மெல்லிய 'ஸ்ஸ்' ஒலி கேட்டால் அது கருவியின் மின்சுற்றே எழுப்பும் ஓசை. விமானத்தில் அது தெரியாது, நள்ளிரவில் வீட்டில் தெரியும். இருபது நிமிடமாவது கழற்றாமல் அணிந்திருந்தால்தான் தலைப்பட்டையின் அழுத்தமும் காதுகளின் வெப்பமும் புலப்படும். சிலருக்கு இயக்கியவுடன் காது அடைத்துக்கொண்டது போன்றதொரு அழுத்த உணர்வு தோன்றுகிறது. காற்றழுத்தத்தில் உண்மையான மாற்றம் எதுவும் அப்போது நிகழ்வதில்லை. தாழொலிகள் திடீரென மறைவதை மூளை அழுத்த மாற்றமாக எண்ணிக்கொள்வதே இதற்குக் காரணம் என்று பொதுவாக விளக்கம் தரப்படுகிறது. அடக்கும் அளவைப் படிப்படியாகக் குறைக்கும் வசதியுள்ள மாதிரிகள் அத்தகையோருக்கு ஏற்றவை.

இக்கருவியின் மெய்யான பயன் அமைதியன்று. தாழ்ந்த ஒலியளவில் கேட்க முடிவதே ஆகும். பறக்கும் விமானத்தின் உட்புற இரைச்சல் பொதுவாக 80 முதல் 85 டெசிபெல் வரை இருக்கிறது. சாதாரண இயர்போனில் திரைப்பட உரையாடலைக் கேட்க விரும்புபவர் அதை மீறும் அளவுக்கு, அதாவது 90 டெசிபெல்லை எட்டும் அளவுக்கு, ஒலியைக் கூட்டுகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைவதால், 90 டெசிபெல்லுக்கு வாரத்திற்கு 4 மணி நேரமே எல்லை. சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடியாகச் செல்ல பத்து மணி நேரத்திற்கு மேலாகிறது. ஒரு வாரத்திற்கான அளவு அப்பயணத்தின் முதற்பாதியிலேயே தீர்ந்துவிடும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. பின்னணி இரைச்சல் இருபது டெசிபெல் தணிந்தால், அதே உரையாடலை 70 டெசிபெல்லில் தெளிவாகக் கேட்கலாம். அப்படியிருந்தும் பழக்கத்தினால் ஒலியைப் பழைய அளவிலேயே வைப்பவருக்குக் கருவியால் பயன் இல்லை. தொழிற்சாலை இயந்திரம், வெடி போன்றவற்றின் அருகில் இதைப் பாதுகாப்புக் காதுமூடியாகக் கருதுவதும் தவறு. திடீர் வெடிப்போசைக்கு எதிர் அலை எழுப்ப இதற்கு அவகாசமே இல்லை.

கேட்கவேண்டியவை கேட்காமற்போகும் ஆபத்தும் உண்டு. வெளிப்புற மைக்கில் விழும் ஒலியைக் காதுக்குள் அனுப்பும் 'டிரான்ஸ்பரன்சி' என்னும் நிலை ரயில் நிலைய அறிவிப்புகளையும் விமானப் பணியாளர்களின் அறிவுறுத்தல்களையும் கேட்க உதவுகிறது. ஆயினும் தண்டவாளத்தின் அருகிலோ சாலையிலோ நடக்கும்போது கருவியைக் கழற்றிவிடுவதே சரி.

மின்கலத்தைப் பொறுத்தவரை, கிண்ண வகை ஒருமுறை மின்னேற்றத்தில் பொதுவாக இருபது மணி நேரத்திற்கு மேல் உழைக்கிறது; இயர்பட்ஸ் ஐந்து முதல் எட்டு மணி நேரத்தில் பெட்டிக்குத் திரும்பவேண்டியிருப்பதால் கண்டம் தாண்டும் பயணத்தின் நடுவில் அமைதி குலையும். பல விமான இருக்கைகளில் புளூடூத் இல்லை. பழைய விமானங்களில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரு துளைகள் கொண்ட செருகுவாயே இருக்கும். ஆகவே 3.5 மில்லிமீட்டர் கம்பியை ஏற்கும் கிண்ண வகையும், இருமுனை அடாப்டர் ஒன்றும் விமானப் பயணிக்குத் தேவை. இயர்பட்ஸ் வைத்திருப்பவருக்கு இருக்கைத் துளையில் செருகும் சிறு புளூடூத் அனுப்பி வேண்டும். மின்கலம் தீர்ந்த பிறகு கம்பிவழியிலும் பேசாத மாதிரிகள் இருப்பதால் அதையும் விசாரித்துக்கொள்ளவேண்டும். உபரி லித்தியம் மின்கலங்களையும் பவர் பேங்கையும் சரக்குப் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. கைப்பையில்தான் எடுத்துச் செல்லவேண்டும், அதுவும் தனி அனுமதியின்றி 100 வாட்-மணி வரை, அதாவது சாதாரணப் பவர் பேங்க் கணக்கில் 27,000 மில்லிஆம்பியர்-மணி வரை.

விலை ஓரிரு ஆயிரம் ரூபாயிலிருந்து முப்பதாயிரத்துக்கு மேல் வரை நீள்கிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை பேருந்தில் செல்பவருக்கு நடுத்தர விலை இயர்பட்ஸ் போதும். மாதந்தோறும் பறப்பவருக்குக் கூடுதல் செலவு நியாயமானதே. ஆனால் தமிழகத்தின் ஈரக்காற்றிலும் வியர்வையிலும் கிண்ண மெத்தையின் மேலுள்ள பாலியூரித்தேன் செயற்கைத் தோல் நீரால் சிதைந்து சில ஆண்டுகளில் உரிந்து கொட்டும். உரிந்த மெத்தை காற்றைக் கசியவிட, மின்சுற்று பழுதின்றி இருந்தும் அடக்கும் திறன் போய்விடும். மாற்று மெத்தைகள் தனியே விற்கப்படும் மாதிரியாயின் சிறு செலவில் கருவி பழைய நிலைக்குத் திரும்பும். இயர்பட்ஸின் சின்னஞ்சிறு மின்கலத்தையோ பெரும்பாலான மாதிரிகளில் மாற்றவே முடியாது. ஆதலால் ஒரே விலையில் இரண்டும் கிடைக்கும்போது, காதுக்குப் பொருந்துமாயின், மெத்தை மாற்றத்தக்க கிண்ண வகையே அதிக ஆண்டுகள் உழைக்கும்.